பொட்டு வச்ச கிண்ணம்

கடைசிக்கு முந்தின வரிசையில, ஃபேனுக்கு நேர் கீழ உக்காந்துட்டேன். இங்க இருந்தா திரையும் தெரியும், என் கைடா இருந்த ஞானதிரவியம் சாரோட பின்மண்டையும் தெரியும். முடி ரொம்பக் கொட்டிப்போச்சு. கொட்டட்டும், நல்லா கொட்டட்டும். நான் இந்த விலங்கியல் துறைக்குள்ள கடைசியா கால் வச்சு ஒம்பது வருசம் ஆச்சு. அதே பச்சைத் திரைச்சீலை, அதே ஃபார்மலின் வாடை, இன்னைக்கு மட்டும் அதுக்கு மேல கேசரி வாடை. வைவா முடிஞ்சதும் வந்தவங்களுக்கெல்லாம் கேசரி, உளுந்தவடை, காபி. அபிஷாவோட அப்பா அம்மா வாங்கிட்டு வந்து வராந்தாவுல வச்சிருக்காங்க. அபிஷாதான் இன்னைக்கு டாக்டர் பட்டம் வாங்கப்போற பிள்ளை. ‘பொது வாய்மொழித் தேர்வு, அனைவரும் வருக’ன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்துது. அனைவரும்னா நானும்தானே? பள்ளிக்கூடத்துல அரைநாள் லீவு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். வாசல்ல என்னையப் பாத்ததும் சாருக்கு ஒரு நொடி முகம் செத்துப்போச்சு. உடனே பல்லைக் காட்டி, “ஏ, ஆவுடை! வாம்மா, வா வா. மேடம், இது நம்ம பழைய ஸ்டூடண்ட் ஆவுடையம்மாள்”னு தேர்வு நடத்த மதுரையில இருந்து வந்திருக்க எக்ஸ்டர்னல் மங்கையர்க்கரசி மேடத்துக்கிட்ட சொன்னாரு. பழைய ஸ்டூடண்டாம். பழைய பேப்பர், பழைய இரும்புன்னு சொல்லுவாங்கள்லா, அப்படி. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையாலயே இன்னைக்கு உம்மைக் கவுத்திட்டுத்தான் பஸ் ஏறுவேன்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அதுக்கு எனக்கு ஒரே ஒரு கேள்வி போதும். கடைசில, ‘கூட்டத்துல யாராவது கேக்கணும்னா கேக்கலாம்’னு சம்பிரதாயத்துக்குச் சொல்லுவாங்க. யாரும் கேக்க மாட்டாங்க, கேசரி ஆறிப்போவுமே. நான் கேப்பேன். என் ஆறு வருச வேலையைத் தூக்கி இன்னொரு பிள்ளை கையில குடுத்த மனுசன், அந்த ஒரு கேள்வில, இந்தக் கூட்டத்துக்கு முன்னால, மேடத்துக்கு முன்னால, அம்மணமா நிக்கணும்.

அபிஷா ஆரம்பிச்சிட்டா. பட்டுச்சேலை, தலையில ஒரு முழம் பிச்சிப்பூ. ஹைட்ரா ஒரு நன்னீர் உயிரி, மூளை கிடையாது, உடம்பு பூரா நரம்புவலை... தெரியும் தெரியும், மேல போ. நான் பதினொண்ணாங் கிளாஸ் பிள்ளைகளுக்கு வருசா வருசம் இதைத்தான் கத்துதேன். ஆனா அபிஷாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். திரையில முதல்ல போட்டாளே ஒரு ஹைட்ரா படம், அதுக்குப் பாட்டி முப்பாட்டியெல்லாம் நான் பிடிச்சிட்டு வந்தது. தாமரைக்குளத்துல முழங்கால் சகதியில இறங்கி, பாசியைப் பிடுங்கி, ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு ஜன்னலோரம் வச்சேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா கண்ணாடியில ஒட்டிக்கிட்டு அரை விரக்கடை நீளத்துக்கு ஒரு பழுப்பு நூல், நூலோட நுனியில ஆறு விரல். அம்மாடி, அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் என் கல்யாணத்தன்னைக்குக் கூட இல்ல. அது எப்படி சாப்பிடும்னு மணிக்கணக்கா பாத்திருக்கேன். ஹைட்ராவுக்கு வாய்னு ஒரு ஓட்டை எப்பவும் இருக்காது. மூடினா மூடினதுதான், தோலோட தோல் ஒட்டிப்போயிரும், வாய் இருந்த இடமே தெரியாது. ஒவ்வொரு தடவை தின்னுததுக்கும் அது தன் தோலைத் தானே கிழிச்சுத்தான் வாய் திறக்கணும். எதுக்குக் கிழிக்கும்? விரல்ல மாட்டின இறால் குஞ்சு குத்துப்பட்டா அதோட உடம்புல இருந்து ஒரு சத்து கசியும், குளூட்டாதயோன்னு பேரு. அந்த வாடை பட்டாப் போதும். இரை உண்டுமா இல்லையான்னு ஹைட்ரா பாக்காது, பாக்கதுக்குக் கண்ணும் கிடையாது. நான் ஒரு சொட்டு குளூட்டாதயோனை வெறுந்தண்ணில விட்டுப் பாத்திருக்கேன். ஒண்ணுமே இல்லாத தண்ணிக்கு ஆறு விரலையும் மடக்கிக்கிட்டு ஆன்னு வாயைத் திறந்துச்சு, முட்டாச் சவம். சிரிச்சேன் அன்னைக்கு. மனுசனுக்கும் அப்படி ஒரு வாடை உண்டு, ஆளுக்கு ஆள் வேற வேற வாடைன்னு அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். முன் வரிசையில கால் மேல கால் போட்டு உக்காந்திருக்க இந்த மனுசனுக்கு எந்த வாடைக்கு வாய் திறக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும்.

“நியூரோபெப்டைடு”ங்கா அபிஷா. நரம்புல இருந்து கசியுத சின்னச் சின்னத் துணுக்கு, அதுதான் ஹைட்ராவுக்குப் பேச்சு. ஒரு துணுக்கு வந்தா உடம்பை நீட்டும், இன்னொண்ணு வந்தா சுருக்கும். நான் பிடிச்சது மூணாவது ஒண்ணு. ஹைட்ரா குட்டி போடுதது விலாவுலதான். விலாவுல மொட்டு மாதிரி முளைச்சு, விரல் வந்து, தாயோட வயிறும் குட்டியோட வயிறும் ஒண்ணாவே இருந்து, ஒரு நாள் குட்டியோட அடியில உள்ள சதை சுருக்குப்பை மாதிரி இறுகி, பட்டுன்னு கழண்டுரும். அந்தச் சதையை இறுக்குத துணுக்கு இதுதான்னு காட்டுதது என் வேலை. ஒரே மாதிரி ரெண்டு கண்ணாடிக் கிண்ணம். ஒண்ணுல பெப்டைடு, இன்னொண்ணுல வெறுந்தண்ணி. பெப்டைடு போட்ட கிண்ணத்துல குட்டியெல்லாம் முன்கூட்டியே கழண்டுரும், வெறுந்தண்ணில ஒட்டிக்கிட்டே கிடக்கும். எது எந்தக் கிண்ணம்னு பேனாவால எழுதினா தண்ணி பட்டு அழிஞ்சிரும். ஆனித் தேரோட்டத்துல வாங்கின மெரூன் நெயில் பாலிஷ் கைப்பையில கிடந்துது. அதுல தொட்டு கிண்ணத்தோட ஓரத்துல ஒரு பொட்டு வச்சேன். எதுக்கு வச்சேன்? உலகத்துல எவனும் மருந்து ஊத்தினதுக்குத்தான் அடையாளம் வைப்பான். நான் வெறுந்தண்ணிக்கு வச்சேன். சார் வந்து குனிஞ்சு பாத்தாரு. “ஏம்மா, மருந்துக்கு வைக்காம வெறுந்தண்ணிக்குப் போயி பொட்டு வைக்கே?” “திருஷ்டிப் பொட்டு சார். வெறுந்தண்ணில கிடக்கதுக்கு ஒண்ணும் ஆகிரக்கூடாதுல்லா, அதான் கண்ணுபடாம”ன்னேன். மனுசன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. அதுல இருந்து எந்த ஊரு செமினார்னாலும், எவரு வந்தாலும், இந்தக் கதைதான். ‘எங்க லேபுல ஒரு பிள்ளை, ஹைட்ராவுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கும்.’ என் பேரு சொல்லுவாரா? மாட்டாரு. ஒரு பிள்ளை. அஞ்சாவது வருசம் எனக்கு வயித்துல மகள். எட்டாம் மாசம் வரைக்கும் நின்னுக்கிட்டே ஹைட்ராவுக்கு இரை போட்டேன். பிள்ளை பெத்து மூணு மாசம் கழிச்சு, என் டாக்டர் பட்டப் பதிவைப் புதுப்பிக்க படிவத்தைக் கொண்டுபோயி நீட்டினேன். கையெழுத்துப் போடல. “உன் வேலையில நாவல்டி இல்லம்மா. இதை வெளிநாட்டுக்காரன் ஏற்கெனவே சொல்லிட்டான். நீ போயி பிள்ளையைப் பாரு.” போன வருசம் வரைக்கும் பிரமாதமா இருந்த வேலை, நான் பிள்ளையைத் தூக்கிட்டு வந்து நின்னதும் நாவல்டி இல்லாமப் போச்சு. நோட்டு? டிபார்ட்மெண்ட் சொத்து. படம்? டிபார்ட்மெண்ட் சொத்து. அந்தக் கைப்பையும் நெயில் பாலிஷும் மட்டும் என் சொத்து. படியிறங்கி வரும்போது மகள் தோள்ல கக்கினா. அந்த ஈரத்தோட பஸ்ஸுல உக்காந்திருந்தேன்.

பெப்டைடுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வேலை முடிஞ்சதும் அதை வெட்டிப்போட ஒரு என்சைம் வந்துரும். இல்லைன்னா சுருங்கினது சுருங்கினபடியே கிடக்கணும்லா. ஒம்பது வருசமா எனக்கு அந்த என்சைம் வரல. நடுராத்திரி இல்ல, அழுது புரண்டுக்கிட்டு இல்ல, சும்மா, சட்டினிக்குத் தேங்கா துருவும்போது, போர்டுல ஹைட்ரா வரையும்போது, ‘நாவல்டி இல்லம்மா’ன்னு அந்தக் குரல் வந்து சுருக்குன்னு இறுக்கும். மொட்டைக் கடுதாசி எழுதலாம்னு நினைச்சிருக்கேன். பேரில்லாம எழுததுக்கு நான் என்ன களவாணியா? வேண்டாம்னுட்டேன். போன வாரம்தான் சண்முகக்கனி அண்ணன் போன் போட்டாரு. லேப் அட்டெண்டர், எனக்குன்னு அந்தத் துறையில மிச்சமிருக்க ஒரே மனுசன். “ஏளா ஆவுடை, உன் ஹைட்ராவெல்லாம் முந்தின வருச வெயில்ல கரண்டு போயி மொத்தமா செத்துப்போச்சு. அந்தப் பிள்ளை ஒரு மாசம் அழுதுக்கிட்டுத் திரிஞ்சா. இப்ப தீசிஸ் லைப்ரரியில வச்சிருக்கு, வேணும்னா வந்து பாரு.” வைவாவுக்கு முன்னால ரெண்டு வாரம் யார் வேணாலும் படிக்கலாம்னு ஒரு பிரதியை வைப்பாங்க, யாரும் படிக்க மாட்டாங்க. நான் போயி உக்காந்து நூத்திப் பன்னெண்டு பக்கமும் படிச்சேன். இருபத்தி மூணாவது படம். ரெண்டு கிண்ணம் பக்கத்துல பக்கத்துல. ஒரு கிண்ணத்தோட ஓரத்துல மெரூன் கலர்ல என் பொட்டு. என் கைநடுக்கம் அப்படியே இருக்கு, கொஞ்சம் இடது பக்கம் வழிஞ்சு. கீழ என்ன எழுதியிருக்கு? ‘படம்: ஆய்வாளர்.’ அதுக்கடுத்த வரியைப் படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு, லைப்ரரியன் நிமிந்து பாக்க அளவுக்கு. பொட்டு வச்ச கிண்ணத்தைப் பெப்டைடுன்னு போட்டிருக்கா! வெறுந்தண்ணியைப் போயி மருந்துன்னு போட்டிருக்கா! அதனால முடிவும் தலைகீழ். இந்தப் பெப்டைடு குட்டி கழலாமத் தடுக்குதாம். உலகத்துல இதுவரைக்கும் யாரும் சொல்லாத புதுக் கண்டுபிடிப்பாம். நாவல்டி! என் வேலையில இல்லாத நாவல்டி, என் வேலையைத் தலைகீழாத் திருப்பிப் பிடிச்சதும் வந்துட்டு. சாரு அந்த ஒரு வார்த்தையைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாரு, படத்தை எங்க பாத்தாரு? பிள்ளை ஏன் அப்படிப் போட்டா? எவனும் மருந்துக்குத்தான் அடையாளம் வைப்பான், அதான். வேற ஒண்ணும் இல்ல. வேற ஒண்ணும் இல்ல.

இந்தா, வந்துட்டு. இருபத்தி மூணு. திரை பூரா என் கிண்ணம். பொட்டு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிசாத் தெரியுது. அபிஷா கையில இருக்க லேசர் சிவப்பு அதுக்குப் பக்கத்துல போயி நிக்குது, பொட்டுக்குப் பக்கத்துல இன்னொரு பொட்டு. ஒருவேளை எனக்கே தப்பா ஞாபகம் இருந்தா? நடுவுல ஒரு தடவை பாலிஷ் காலியாயி மாத்தி வச்சேனா? இல்ல. குட்டியெல்லாம் ஒட்டிக்கிட்டுக் கிடக்கே, கண்ணு முன்னால கிடக்கே, அது வெறுந்தண்ணிதான். நான் எந்திரிச்சு, ‘மேடம், அது தலைகீழ்’னு சொன்னா என்ன ஆகும்? சாரு திரும்பி, ‘பிள்ளை தப்பா போட்டுட்டா, வயசுப் பிள்ளை’ன்னு அபிஷா தலையில தூக்கிப் போட்டுட்டுத் துண்டை உதறிட்டுப் போயிருவாரு. அவருக்குத் தோல்ல ஒரு கீறல் விழாது. நான் சொல்லக்கூடாது. அவரு வாயாலயே வரணும். முன் வரிசையில அபிஷாவோட அப்பா உக்காந்திருக்காரு, வெள்ளைச் சட்டை, மடியில சாருக்குப் போட வாங்கின பொன்னாடை பிளாஸ்டிக் கவரோட. மகள் பேசுத இங்கிலீஷ் ஒண்ணும் புரியல போல, ஆனா ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தலையை ஆட்டுதாரு. அந்த ஆளை நான் பாக்கக்கூடாது. பாக்கக்கூடாதுன்னா அங்கதான் கண்ணு போவுது. அந்தப் பிள்ளை எனக்கு என்ன செஞ்சா? ஒண்ணும் செய்யல. சாரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்ததை வாங்கிக்கிட்டா. நானா இருந்தாலும் வாங்கியிருப்பேன். ஆனா வாங்கினவ என்கிட்ட ஒரு வார்த்தை... கேட்டா. சரி, கேட்டா. கேக்கல்லைன்னு யாரு சொன்னா? அதை நினைக்கக் கூடாதுன்னுதான் காலையில இருந்து பஸ்ஸுல ஜன்னலையே பாத்துட்டு வந்தேன். ஒன்றரை வருசம் முந்தி, ஞாயித்துக்கிழமை, சோறு வடிச்சிட்டு நிக்கேன். போனைத் தோள்ல இடுக்கியிருக்கேன். “அக்கா, என் பேரு அபிஷாக்கா, ஞானதிரவியம் சாரோட ஸ்டூடண்ட். உங்க நம்பரு சண்முகக்கனி அண்ணன் தந்தாவ. ஹைட்ரா எல்லாம் செத்துப்போச்சுக்கா, எனக்கு என்ன செய்யன்னே தெரியல. சாரு உங்க பழைய படத்தையெல்லாம் தந்திருக்காரு. நோட்டு தேடினேன், கிடைக்கலக்கா. அந்தப் பொட்டு வச்ச கிண்ணம்தானேக்கா பெப்டைடு?” கஞ்சித்தண்ணி ஆவி முகத்துல அடிக்குது. உங்க பழைய படம். அவ ‘உங்க’ன்னுதான் சொன்னா, பாவி மகள், மரியாதையாத்தான் சொன்னா. எனக்கு அந்த ‘தந்திருக்காரு’ மட்டும்தான் காதுல விழுந்துது. யாரு சொத்தை யாரு யாருக்குத் தாராரு? இல்லம்மா, அது வெறுந்தண்ணின்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறக்கணும், அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கல. “ம்”னேன். “ரொம்ப தேங்க்ஸ்க்கா”ன்னு வச்சிட்டா. ‘ம்’முன்னா ஆமான்னு அர்த்தமா? கேட்டுக்கிட்டேன்னும் அர்த்தம் உண்டே. நான் பொய் சொல்லல. பொய் சொல்லணும்னா வாயைத் திறக்கணும்லா. சோறு அன்னைக்குக் குழைஞ்சுபோச்சு.

முடிச்சிட்டா. கை தட்டுதாங்க. மங்கையர்க்கரசி மேடம் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு கேள்வி கேக்காங்க. பெரிய குரல் இல்ல, ஆனா ஒவ்வொண்ணும் ஊசி. “இதுக்கு முன்னாடி வந்த ஆய்வெல்லாம் குட்டி சீக்கிரம் கழலும்னுதான் சொல்லுது. உங்களுக்கு மட்டும் எப்படி எதிரா வந்துச்சு?” அபிஷா சாரைப் பாக்கா. சாரு சேர்ல முன்னால நகந்து, “அதுதான் மேடம் இதுல நாவல்டியே”ங்காரு. மேடம் தலையை ஆட்டுதாங்க, சந்தேகம் போகல. ஆனா நேரமாச்சு, வெளியில வடை வாசம். “ஆடியன்ஸ்ல யாராவது?”ன்னு சாரு சிரிச்சுக்கிட்டே திரும்புதாரு. ஜூனியர் பையன் ஒருத்தன் கையில இருக்க துண்டுச்சீட்டைப் பாத்து வாசிச்ச மாதிரி, உங்க ஆய்வோட எதிர்கால வாய்ப்பு என்னன்னு கேக்கான். அவளும் மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்கா. “வேற யாராவது?” இப்ப. எந்திரி மூதி, எந்திரி. அபிஷா அப்பா மடியில பொன்னாடை. உக்காந்துரு, போதும், வீட்டுக்குப் போ, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா. ‘நாவல்டி இல்லம்மா.’ எந்திரிச்சிட்டேன். “சார்”னேன். உதடு ரெண்டும் காஞ்சு ஒட்டிக் கிடந்துது, பிரிச்சப்ப தோல் உரிஞ்சு வலிச்சுது. “சார், அபிஷாகிட்ட இல்ல, உங்ககிட்டதான் ஒரு சின்ன ஆசை. நாங்கல்லாம் ஊரூருக்கு உங்க வாயால கேட்டுச் சிரிச்ச கதை ஒண்ணு உண்டுல்லா. அந்தக் கிண்ணத்துல பொட்டு தெரியுதே. அந்தத் திருஷ்டிப் பொட்டுக் கதையை மேடத்துக்கு ஒரு தடவை சொல்லுங்களேன்.” அவ்வளவுதான். ஒரே ஒரு சொட்டு. சாரு மூஞ்சி மலந்துது பாருங்க! நான் சண்டைக்கு வந்திருக்கேன்னு பயந்துக்கிட்டு இருந்தவருக்கு, நான் புகழ வந்திருக்கேன்னு ஆனதும் உசிரு வந்துட்டு. எந்திரிச்சே நின்னுட்டாரு, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு. “ஓ அதுவா! மேடம், அது பெரிய கூத்து. இந்தா நிக்காளே ஆவுடை, இவ வச்ச பொட்டுதான் அது. எல்லாரும் மருந்து ஊத்தின கிண்ணத்துக்குத்தானே அடையாளம் வைப்பாங்க? இவ வெறுந்தண்ணிக் கிண்ணத்துக்கு வைப்பா. ஏம்மான்னு கேட்டேன். வெறுந்தண்ணில கிடக்கதுக்குக் கண்ணுபட்டுரக் கூடாதுன்னு திருஷ்டிப் பொட்டு சார்ங்கா!” ஹால் பூரா சிரிச்சுது. அபிஷாவோட அப்பா கூட, தமிழ்ல இருந்ததால, நல்லா சிரிச்சாரு. சாரு எல்லாரையும் விடப் பலமாச் சிரிச்சாரு, வாய் முழுசாத் திறந்து, கடைவாய்ப் பல்லு தெரிய.

மேடம் சிரிக்கல. கண்ணாடியை மூக்குல இறக்கி, கையில இருக்க தீசிஸைப் புரட்டி, இருபத்தி மூணாவது படத்துல விரலை வச்சாங்க. “பொட்டு வச்சது வெறுந்தண்ணியா?” சாரு இன்னும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. “ஆமா மேடம், அதான் சொல்லுதேனே...” “இங்க பெப்டைடுன்னு போட்டிருக்கே. அப்புறம், பொட்டு வச்சது இவங்கன்னா, படம் எடுத்தது அபிஷா எப்படி?” சாரு வாய் திறந்தபடியே இருந்துது, மூடத் தெரியல அதுக்கு. நான் பாத்தேன். ஒம்பது வருசமா எத்தனையோ விதமா நினைச்சுப் பாத்த மூஞ்சி அது, ஒரு விதம் கூட இவ்வளவு நல்லா இல்ல. எனக்குள்ள இறுகிக் கிடந்தது ஒண்ணு பட்டுன்னு கழண்டுது. நான் நினைச்ச மாதிரியே அவரு பிள்ளை பக்கம் திரும்பினாரு. “அபிஷா, என்னம்மா இது? நான் செக் பண்ணச் சொன்னேன்லா உன்னை? யாரைக் கேட்டு மாத்திப் போட்ட?” சொல்லட்டும், இனி என்ன சொன்னாலும் செல்லாது, வாயில இருந்து வந்துட்டு. அபிஷா அவரைப் பாக்கல. மேடத்தையும் பாக்கல. லேசரை அணைக்க மறந்துட்டா, சிவப்புப் புள்ளி தரையில அவ காலடியில கிடந்து ஆடுது. நாப்பது பேரு தலைக்கு மேல என்னைத்தான் பாக்கா. அழல. எனக்கு மட்டும் கேக்க மாதிரி மெதுவாத்தான் சொன்னா, ஆனா ஹால் பூரா கேட்டுது. “அக்கா, நான் உங்ககிட்ட போன் பண்ணிக் கேட்டேன்லாக்கா. பொட்டு வச்சதுதானே பெப்டைடுன்னு கேட்டேன்லா. நீங்க ‘ம்’னீங்களேக்கா.” எல்லாத் தலையும் திரும்புது. அவ அப்பா பொன்னாடையை மடியோட பிடிச்சுக்கிட்டுத் திரும்பிப் பாக்காரு, இன்னும் அந்தச் சிரிப்பு பாதி முகத்துல இருக்கு. இல்லைன்னு சொல்லலாம். சாட்சி யாரு இருக்கா? கஞ்சித்தண்ணி ஆவிதான் இருக்கு. நான் சொன்னது ஆமான்னு இல்லம்மா, கேட்டுக்கிட்டேன்னு அர்த்தத்துலன்னு சொல்லலாம். வார்த்தை ஒண்ணொண்ணா தொண்டை வரைக்கும் வருது. மங்கையர்க்கரசி மேடம் தீசிஸை மூடி வச்சிட்டு என் பக்கம் முழுசாத் திரும்பினாங்க. கோவமா இல்ல, என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைககிட்ட நான் கேக்க மாதிரிதான் கேட்டாங்க. “அந்தப் பொண்ணு கேட்டாளாம்மா உங்ககிட்ட?” உதட்டைப் பிரிக்கப் பாத்தேன். ஒட்டிப்போயிட்டு. “ம்”னேன்.